பிளாட் டிவி ஆன் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்சிடி, எல்ஈடி, ஸ்மார்ட் டிவி என்று எதுவாக இருந்தாலும், "டிவி ஆன் ஆகலை" என்ற ஒரே வார்த்தைக்குள் நாலைந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. உள்ளே கரண்டே போகாமல் இருக்கலாம். கரண்ட் போயும் போர்டு எழும்பாமல் இருக்கலாம். எல்லாம் ஒழுங்காக ஓடியும் திரை மட்டும் இருட்டாக இருக்கலாம். எது என்று பார்க்காமலே "பேனல், அதாவது திரையே போயிடுச்சு" என்று முடிவு கட்டி, இன்னும் பல வருஷம் ஓடக்கூடிய டிவியைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அது எனக்குப் பொறுக்காத விஷயம். பின்மூடியைக் கழற்றாமல் வீட்டிலேயே எவ்வளவு தூரம் கண்டுபிடிக்க முடியும், எந்த இடத்தில் மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும் என்பதுதான் கீழே இருப்பது.

முதலில் எதைப் பார்ப்பது?

டிவியின் கீழ் ஓரத்தில் இருக்கும் சின்ன ஸ்டாண்ட்பை விளக்கை. பெரும்பாலும் சிவப்பாக இருக்கும், சில மாடல்களில் வெள்ளை. அது எரியவே இல்லையா, எரிந்துகொண்டே இருக்கிறதா, மினுக்குகிறதா? பாதி நோய் இதிலேயே தெரிந்துவிடும். எரியவில்லை என்றால் கரண்ட் வரும் பாதையில் கோளாறு. எரிகிறது, ஆனால் டிவி எழும்பவில்லை என்றால் கோளாறு உள்ளே. மினுக்கினால், டிவி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்கிறது என்று அர்த்தம்.

சில மாடல்களில் இந்த விளக்கை மெனுவில் அணைத்து வைக்க முடியும், சிலவற்றில் விளக்கே கிடையாது. நல்ல நாளில் உங்கள் டிவியில் விளக்கு எப்படி எரியும் என்று ஒருமுறை கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கே எரியவில்லை. டிவி போச்சா?

அதற்குள் அந்த முடிவுக்குப் போக வேண்டாம். டிவி செருகியிருக்கும் அதே பிளக்கில் ஒரு டேபிள் ஃபேனையோ இஸ்திரிப் பெட்டியையோ போட்டுப் பாருங்கள். டெஸ்டரை வைத்துப் பார்த்து "கரண்ட் வருது" என்று சொல்வது போதாது. நியூட்ரல் அறுந்திருந்தாலும் ஃபேஸ் துளையில் டெஸ்டர் எரியத்தான் செய்யும். உண்மையில் ஒரு பொருள் ஓட வேண்டும், அதுதான் சோதனை.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை, சவுண்ட்பார் எல்லாம் ஒரே பாக்ஸில் தொங்கும் வீடுகளில் உள்ளே இருக்கும் பித்தளைப் பட்டை தளர்ந்து, லேசாகக் கருகிப்போய் இருக்கும். அதைத் தவிர்த்துவிட்டு டிவியைச் சுவர் பிளக்கிலேயே நேராகச் செருகிப் பாருங்கள்.

அப்புறம் டிவியின் பின்பக்கம். நிறைய டிவிகளில் பவர் ஒயர் கழற்றி மாட்டும்படிதான் இருக்கிறது, எட்டு எண் போல இரண்டு துளை உள்ள ஒயர். சுவரில் மாட்டிய டிவியைத் துடைக்கும்போது லேசாக இழுபட்டாலே அது பாதி வெளியே வந்துவிடும். நன்றாக அழுத்திச் செருகுங்கள். பழைய டேப் ரெக்கார்டருக்கும் சில செட்டாப் பாக்ஸ்களுக்கும் அதே ஒயர்தான் வரும் என்பதால், வீட்டில் ஒன்று கிடந்தால் மாற்றிப் போட்டும் பார்க்கலாம்.

சிறிய டிவிகள் சிலவற்றில் லேப்டாப் மாதிரி தனி அடாப்டர் இருக்கும். அது செத்துப்போனால் டிவியும் செத்த மாதிரியே கிடக்கும். அடாப்டர் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து, வோல்ட் அதே அளவிலும் ஆம்பியர் அதற்குக் குறையாமலும் வாங்க வேண்டும். அடாப்டரின் முனை சரியாகப் பொருந்துகிறது என்பதற்காக வேறு வோல்ட் அடாப்டரைப் போட்டால் நல்ல டிவியும் கெடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் விளக்கு எரியவில்லை என்றால், உள்ளே ஃபியூஸ் போயிருக்கலாம், இல்லை பவர் போர்டு. இரண்டுமே சரிசெய்யக்கூடியவைதான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், அதற்குக் காரணமும் உண்டு. ரிமோட்டில் அணைத்தால் டிவி முழுதாக அணைவதில்லை. ரிமோட்டின் அடுத்த கட்டளைக்காக உள்ளே ஒரு சின்ன சிப் விழித்துக்கொண்டே இருக்கிறது. கரண்ட் விட்டுவிட்டு வந்தாலோ, ஏதாவது மென்பொருள் குழப்பத்தாலோ அந்தச் சிப் உறைந்துபோனால், ரிமோட்டை எவ்வளவு அழுத்தினாலும் பதில் வராது. கரண்டை முழுதாக நிறுத்தினால்தான் அது புதிதாகத் தொடங்கும்.

ஆனால் பிடுங்கிய உடனே செருகினால் பலனில்லை. கெபாசிட்டர்களில் தேங்கிய கரண்ட் வடிய நேரம் வேண்டும். சுவர் பிளக்கைப் பிடுங்குங்கள், எச்டிஎம்ஐ, யுஎஸ்பி, கேபிள் ஒயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள், டிவியிலேயே இருக்கும் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சில நிமிடங்கள் விட்டுவிட்டு, வேறு எதையும் மாட்டாமல் டிவியை மட்டும் செருகி, டிவியின் பட்டனாலேயே ஆன் செய்யுங்கள். எழும்பிவிட்டால் ஒவ்வொரு ஒயராக மாட்டிப் பாருங்கள். எதை மாட்டியதும் மறுபடி படுக்கிறதோ அங்கேதான் கோளாறு. யுஎஸ்பியில் ஷார்ட் ஆன ஒரு பென்டிரைவ் முழு டிவியையும் எழும்பவிடாமல் செய்யும்.

டிவியில் பட்டனே இல்லையே?

பெரும்பாலான டிவிகளில் இருக்கிறது. திரைக்கு நடுக்கீழே கம்பெனிப் பெயருக்கு அடியில், அல்லது பின்னால் வலது கீழ் மூலையில் விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் ஒற்றைப் பட்டன்தான்.

கோளாறு ரிமோட்டிலா டிவியிலா?

செல்போன் கேமராவை ரிமோட்டின் முனைக்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். ஊதா கலந்த வெள்ளை வெளிச்சம் தெரிந்தால் ரிமோட் சிக்னல் அனுப்புகிறது. சில போன்களில் பின் கேமரா அந்த ஒளியை வடிகட்டிவிடும், அதனால் செல்ஃபி கேமராவிலும் பாருங்கள். வாய்ஸ் வசதி உள்ள ப்ளூடூத் ரிமோட்டுகளில் பல பட்டன்களுக்கு இந்த ஒளி வராது என்றாலும், பவர் பட்டனுக்குப் பெரும்பாலும் வரும். டிவிக்கு முன்னால் நிற்கும் சவுண்ட்பார், கொலுப் பொம்மை, தொங்கும் மாலை எதுவும் சென்சாரை மறைக்கக்கூடும்.

சிவப்பு விளக்கு எரிகிறது. பட்டனை அழுத்தினால் ஒரு நொடி அணைந்து மறுபடி சிவப்புக்கே வந்துவிடுகிறது. ஏன்?

பவர் போர்டு இரண்டு வேலை செய்கிறது. ஸ்டாண்ட்பைக்கு ஒரு சின்ன சப்ளை, பெரும்பாலும் 5 வோல்ட் அல்லது அதற்கும் கீழே. பட்டனை அழுத்தியதும் மெயின் போர்டுக்கு 12 வோல்ட், திரைக்குப் பின்னால் இருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்டுக்கு அதைவிடப் பெரிய சப்ளை. சின்ன சப்ளை நன்றாக இருப்பதால் விளக்கு எரிகிறது. பெரிய சப்ளை எழும்ப முயன்று, சுமை தாங்காமலோ எங்கேயோ ஷார்ட்டைக் கண்டோ, பாதுகாப்புக்காகத் திரும்பப் படுத்துவிடுகிறது. சில மாடல்களில் ரிலே 'டிக்' 'டிக்' என்று தட்டுவதும் இதனால்தான்.

இதில் அடிக்கடி மாட்டுவது கெபாசிட்டர். உருளை வடிவில் நிற்கும் இந்தச் சாமானின் தலை தட்டையாக இருக்க வேண்டும். வெப்பத்தில் உள்ளே இருக்கும் திரவம் வற்றி, தலை உப்பி, வோல்டேஜைத் தாங்க முடியாமல் போகிறது. வேலை செய்யும் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் இதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது எலக்ட்ரானிக்ஸில் பழைய கணக்கு. நம் ஊர் வெயிலில், காற்று போகாத மர ஷோகேஸுக்குள் டிவியை அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். பின்பக்கமும் மேற்பக்கமும் நாலு விரல் அளவாவது இடம் விடுங்கள்.

கெபாசிட்டர் கெடுவதற்கு ஒரு முன்னறிவிப்பு உண்டு. காலையில் முதல்முறை ஆன் ஆக மட்டும் நேரம் எடுக்கும், அப்புறம் நாள் முழுக்க நன்றாக ஓடும். இந்தத் தாமதம் வாரா வாரம் கூடிக்கொண்டே போகும். அந்தக் கட்டத்திலேயே மெக்கானிக்கிடம் காட்டினால் சில கெபாசிட்டர்களை மாற்றுவதோடு முடியும். முழுதாகப் படுக்கும்வரை ஓட்டினால் அது பக்கத்தில் இருப்பவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

விளக்கு விட்டுவிட்டு மினுக்குகிறது. அதை எண்ண வேண்டுமா?

கட்டாயம். இத்தனை மினுக்கு, ஒரு இடைவெளி, மறுபடி அத்தனை மினுக்கு என்று திரும்பத் திரும்ப வந்தால் அது கோளாறுக் குறியீடு. சோனி டிவிகள் பலவற்றில் சிவப்பு விளக்கு 2 முதல் 8 முறை இப்படி மினுக்கும். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு பொருள் உண்டு, அது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். செல்போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து, பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் முழு மாடல் நம்பரையும் படம் பிடித்து மெக்கானிக்குக்கு அனுப்புங்கள். வரும்போதே சரியான சாமானோடு வருவார்.

சத்தம் வருகிறது, படம் வரவில்லை. இது ஆன் ஆனதா, ஆகாததா?

ஆன் ஆகிவிட்டது. "டிவி செத்துப்போச்சு" என்று வருகிற புகார்களில் நிறைய இந்த வகைதான். ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, டிவியை ஆன் செய்து, செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக ஆள் நடமாட்டமோ மெனு எழுத்தோ தெரிகிறதா? தெரிந்தால் உங்கள் பேனல் உயிரோடு இருக்கிறது. போனது அதன் பின்னால் எரியும் பேக்லைட் மட்டும்.

எல்சிடி பேனலுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, பின்னால் இருந்து வரும் வெளிச்சத்தை விட்டும் மறைத்தும்தான் படம் காட்டுகிறது. ஆரம்பகால எல்சிடி டிவிகளில் அதற்கு மெல்லிய குழல் விளக்குகள் இருந்தன, எல்ஈடி டிவி என்று இப்போது சொல்வதில் இருப்பது எல்ஈடி ஸ்ட்ரிப்கள். ஒவ்வொரு ஸ்ட்ரிப்பிலும் பல பல்புகள் தொடராக இணைந்திருக்கும். கோவில் திருவிழாவில் கட்டும் பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அணைவது போல, இங்கேயும் நிறைய மாடல்களில் ஒரே ஒரு எல்ஈடி அறுந்தால் மொத்தத் திரையும் இருண்டுவிடும். ஆன் செய்ததும் திரை ஓரிரு நொடி பளிச்சென்று எரிந்து அணைந்தாலும் பெரும்பாலும் இதே கோளாறுதான். சில மாடல்கள் பேக்லைட் கெட்டதும் சத்தத்தையும் சேர்த்து நிறுத்திவிடும். அதனால் சத்தம் வராவிட்டாலும் டார்ச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

ஸ்ட்ரிப் தனியாகக் கிடைக்கிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாடல் நம்பரையும் ஸ்ட்ரிப்பில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள், மற்ற ஊர் மெக்கானிக்குகளும் வரவழைத்துத் தருகிறார்கள். போன ஒரு பல்பை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். மற்றவையும் அதே வெப்பத்தில் அதே வருஷங்கள் எரிந்தவை, சில மாதத்தில் அடுத்தது போகும். ஒவ்வொரு முறையும் காகிதம் போன்ற மெல்லிய பேனலைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது, அதுதான் இந்த வேலையின் பெரிய ஆபத்து. முழு செட்டாக மாற்றிவிடுவதே நல்லது. மெக்கானிக்கிடம் "பேனல் உடைந்தால் யார் பொறுப்பு?" என்று வேலைக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

புது டிவி வாங்கியதும் செய்ய வேண்டிய ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடையில் கண்ணைக் கவர்வதற்கான பட அமைப்பில் பேக்லைட் 100-ல் இருக்கும். மெனுவில் பேக்லைட் என்ற அமைப்பை 60, 70 அளவுக்குக் குறையுங்கள், வீட்டு ஹாலுக்கு அது தாராளம். பல டிவிகளில் பிரைட்னஸ் என்பது வேறு, அது கருப்பின் அடர்த்தியைத்தான் மாற்றும். பேக்லைட்டைக் குறைத்தால்தான் எல்ஈடி சூடு குறையும், ஆயுள் கூடும்.

டார்ச் அடித்தும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் டீகான் போர்டு (பட சிக்னலைப் பேனலுக்கு ஏற்றபடி அனுப்பும் சின்ன போர்டு), மெயின் போர்டு, பேனல் மூன்றில் ஒன்று. ஓஎல்ஈடி டிவிக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அதில் பேக்லைட்டே இல்லை.

கம்பெனி லோகோ வருகிறது, அணைகிறது, மறுபடி லோகோ வருகிறது.

பெரும்பாலும் மென்பொருள் ஏறாமல் தவிக்கிறது. அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் இப்படி ஆகும். எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு மேலே சொன்னபடி பிளக்கைப் பிடுங்கிப் போடும் ரீசெட்டைச் செய்யுங்கள். டிவியின் பட்டனை அழுத்திப் பிடித்தபடி பிளக் போட்டால் ஃபேக்டரி ரீசெட் ஆகும் மாடல்களும் உண்டு, கையேட்டில் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மென்பொருள் தங்கியிருக்கும் மெமரி சிப்பே தேய்ந்திருக்கலாம். அதை மாற்றி மென்பொருள் ஏற்றித் தரும் மெக்கானிக்குகள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். வேறு மாடலின் மென்பொருளை இணையத்தில் எடுத்துப் போடுவது மட்டும் வேண்டாம்.

இடி இடித்த பிறகு ஆன் ஆகவில்லை. சுவிட்சை அணைத்துத்தானே வைத்திருந்தோம்?

சுவிட்சை அணைத்தாலும் பிளக் செருகியே இருந்தது, கேபிள் ஒயரும் மாட்டியே இருந்தது. மின்னல் அழுத்தத்துக்கு சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு தடையே இல்லை. அதைவிட முக்கியம், அது கரண்ட் கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கும், அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும் வரும். இன்டர்நெட் லேன் ஒயர் வழியாகவும் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கோடை இடியிலும் வானம் கருக்கும்போதே பவர் பிளக்கைப் பிடுங்குங்கள், கேபிளையும் லேனையும் டிவி பக்கம் கழற்றுங்கள். இடி இடிக்கத் தொடங்கிவிட்ட பிறகு அந்த ஒயர்களைத் தொடப் போகாதீர்கள். டிவி போனால் போகட்டும்.

இடியில் எச்டிஎம்ஐ பகுதி மட்டும் செத்து, டிவி மற்றபடி நன்றாக இருப்பதும் உண்டு. எல்லா எச்டிஎம்ஐ துளையிலும் மாற்றி மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்டெபிலைசர் தேவையா?

டிவி ஸ்டிக்கரில் 100-240 வோல்ட் என்று எழுதியிருந்தால் லோ வோல்டேஜுக்காக ஸ்டெபிலைசர் தேவையில்லை. பயப்பட வேண்டியது ஹை வோல்டேஜுக்கு. நம் வீட்டு சப்ளை 230 வோல்ட். தெருக் கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் அறுந்தால் இரண்டு ஃபேஸுக்கு இடையிலான 400 வோல்ட் வரை வீட்டுக்குள் வரலாம். சில பல்பு மிதமிஞ்சிப் பளிச்சிடும், சில மங்கும், ஃபேன் தறிகெட்டுச் சுற்றும். அந்தக் கணமே மெயினை அணையுங்கள், தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். அடிக்கடி இப்படி நடக்கும் பகுதியில் ஹை வோல்டேஜ் வந்தால் துண்டித்துவிடும் வசதியுள்ள ஸ்டெபிலைசரோ, மெயினிலேயே ஒரு ஓவர் வோல்டேஜ் ரிலேயோ போடுவது காசுக்கு ஏற்ற காரியம்.

டிவிக்குள் பல்லி போகுமா?

போகும். ஸ்டாண்ட்பையில் இருக்கும் போர்டு இளஞ்சூடாக இருக்கும், பல்லிக்கும் எறும்புக்கும் அது பிடித்த இடம். பவர் போர்டில் இரண்டு முனையை ஒரே நேரத்தில் தொட்டால் பல்லியும் போகும், ஃபியூஸும் போகும். வலை போட்டு ஓட்டைகளை அடைக்காதீர்கள், காற்று நின்று டிவி சூடேறும். வெளியூர் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள், போர்டு குளிர்ந்து கிடக்கும்.

துடைத்த பிறகு ஆன் ஆகவில்லை.

திரையில் நேராகத் தெளித்த தண்ணீர் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கியிருக்கும். பேனலை இயக்கும் நுண்ணிய இணைப்புகள் நிறைய மாடல்களில் அங்கேதான் இருக்கின்றன. உடனே பிளக்கைப் பிடுங்கி, இரண்டு நாள் காற்றாட விடுங்கள். நனைந்த நிலையில் ஆன் செய்து பார்ப்பதுதான் அதைக் கொல்லும். இனி காய்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும்.

நானே கழற்றிப் பார்க்கலாமா?

பழக்கம் இல்லாதவர் வேண்டாம். 230 வோல்ட்டை டிசியாக மாற்றும்போது அது 325 வோல்ட் அளவுக்கு ஏறுகிறது. பல போர்டுகளில் 380, 400 வரை கூடப் போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் அது தங்கியிருக்கும். ஃபியூஸ் போனால் அந்த இடத்தில் ஒயரைச் சுற்றிவிடுவது அதைவிட மோசம். ஃபியூஸ் காரணமில்லாமல் போவதில்லை, கண்ணாடி கருத்துப்போயிருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். விவரம் தெரிந்த மெக்கானிக் ஃபியூஸை மாற்றியதும் நேராகக் கரண்ட் கொடுக்க மாட்டார். ஒரு குண்டு பல்பைத் தொடரில் வைத்துக் கொடுப்பார். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

வாரண்டி இருந்தால் யோசனையே வேண்டாம், வெளி ஆளைத் திறக்க விடாமல் கம்பெனி சர்வீஸைக் கூப்பிடுங்கள். வாரண்டி முடிந்திருந்தால் பவர் போர்டும் பேக்லைட்டும் எப்போதுமே பழுது பார்க்கத் தகுந்தவை. மெயின் போர்டு என்றால் போர்டு கிடைக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யலாம். பேனலே உடைந்தால், அதன் விலை புது டிவி விலையை நெருங்கும், அப்போது விட்டுவிடலாம். "பேனல் போச்சு" என்று ஒருவர் சொன்னால், வெளிச்சம் வருகிறதா, கோடு விழுகிறதா, எதை அளந்து பார்த்தார் என்று கேளுங்கள். டார்ச்சில் படம் தெரிந்த பேனலைப் போய்விட்டது என்றால் நம்பாதீர்கள். மாற்றிய பழைய போர்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வாரண்டி இருந்தும் சர்வீஸ் சென்டர் இழுத்தடிக்கிறது.

புகார் எண்ணும் பில்லும் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

உண்மையிலேயே முடிந்துபோன டிவியை என்ன செய்வது?

நல்ல போர்டுகளுக்காக மெக்கானிக் வாங்கிக்கொள்வார், முதலில் அவரைக் கேளுங்கள். இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். குழல் விளக்கு வைத்த பழைய எல்சிடியில் பாதரசம் இருக்கிறது, அதைக் குப்பைமேட்டில் உடைக்க விடக் கூடாது. ஸ்மார்ட் டிவி என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. டிவி ஆன் ஆகாவிட்டாலும் உங்கள் யூடியூப், ஓடிடி கணக்குகள் அதற்குள் திறந்தேதான் இருக்கும். செல்போனில் அந்தந்தக் கணக்குக்குள் போய், சாதனங்களின் பட்டியலிலிருந்து அந்த டிவியை வெளியேற்றிவிட்டுக் கொடுங்கள்.